எழுதிய, எழுதப்பட்ட



கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலோரத்தில் ஒரு சிற்றாலயம். சனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலைத் திருப்பலி முடிந்து, உடைமாற்றும் அறையில் நின்றுகொண்டிருந்தேன். வாசகம் வாசித்த உபதேசியார் வாசக நூலை மூடாமலேயே உள்ளே வந்தார்.

“சாமி, உரோமையருக்குன்னா ‘பவுல் எழுதிய திருமுகம்’னு வாசிக்கிறோம். கொரிந்தியருக்குன்னாலும் ‘எழுதிய’தான். இன்னைக்கு மட்டும் ‘எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம்’னு இருக்குது. எழுதினவர் பேரு அச்சுல விட்டுப்போச்சா?”

விட்டுப்போகவில்லை, தெரிந்தேதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய தந்தையும் உபதேசியார். பூசை இல்லாத ஞாயிறுகளில் ஊரைக் கூட்டிவைத்து நிருபமும் நற்செய்தியும் வாசித்துச் செபம் சொன்னவர். அவர் வைத்திருந்த பழைய புத்தகத்தில் “அர்ச். சின்னப்பர் எபிரேயருக்கு எழுதின நிருபம்” என்றுதான் இருந்ததாம். இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன், சின்னப்பர் என்பது பவுலடியாருக்கு நம் கத்தோலிக்கத் தமிழில் வழங்கிய பழைய பெயர்.

“அப்ப எங்கப்பா பீடத்துக்கு முன்னாடி நின்னு பொய்யா வாசிச்சாரு?”

அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எழுதியவர் யார் என்று ஆராய்கிறவர்கள் முதலில் பார்ப்பது பேச்சுப் பழக்கத்தை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப் பழக்கம் உண்டல்லவா? இருட்டில் பேசினாலும் இன்னார் என்று கண்டுகொள்கிறோமே, அதுபோல. பவுலடியாரின் வாய்ப் பழக்கங்களில் ஒன்று, விடை வேண்டாத கேள்வி. ‘உங்களுக்குத் தெரியாதா?’ என்ற பொருள்படும் கேள்வி, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் மட்டும் 10 இடங்களில் வருகிறது. உரோமையருக்கு எழுதும்போது ‘அப்படியானால் என்ன சொல்வோம்?’ என்று 6 முறை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். எதிரே ஆள் உட்கார்ந்து மறுத்துப் பேசுவதுபோல் தாமே ஒரு கேள்வியைப் போட்டு, உடனே ‘மே கெனொய்த்தோ’ என்று வெட்டிவிடுவார். ‘அப்படி ஒருக்காலும் ஆகாது’ என்று பொருள். இந்தக் கிரேக்கத் தொடர் அவருடைய திருமுகங்களில் 14 இடங்களில் வருகிறது. அவற்றில் 10 உரோமையருக்கு எழுதியதில் உள்ளவை. ஒன்றைத் தவிர எல்லாமே தாமே கேட்ட கேள்விக்குத் தாமே அறைந்த பதில். புதிய ஏற்பாட்டின் மற்ற நூல்கள் முழுவதிலும் அது ஒரே ஓர் இடத்தில், லூக்கா நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இந்த விதமான கேள்வி தமிழருக்குப் புதிதல்ல. நன்னூல் விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று ‘வினா எதிர் வினாதல்’. “இதைச் செய்வாயா?” என்று கேட்டால் “செய்யேனோ?” என்பது. கேள்வி வடிவில் இருந்தாலும் அது ‘செய்வேன்’ என்ற பதில்தான். ‘எதிர்மறை ஓகாரம்’ என்றும் ஒன்று படித்திருப்பீர்கள். “நானோ எடுத்தேன்?” என்றால், நான் எடுக்கவில்லை என்று பொருள். கடற்கரையில் நின்று கேளுங்கள்: “வலை போடாம மீனு வருமா?” இதற்கு யாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கிரேக்கத்தில் இதற்கு இரண்டு சிறு சொற்கள் உண்டு. ‘மே’ என்று தொடங்கிக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கிறார். ‘ஊ’ என்று தொடங்கினால் ‘ஆம்’. நம் ‘ஓ’வும் ‘அல்லவா’வும் செய்கிற வேலை. கொரிந்து நகரத் திருச்சபை ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லிப் பிரிந்து கிடந்தபோது பவுல் கேட்டது நினைவிருக்கும். கிறிஸ்துவைக் கூறுபோட்டுவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, உங்களுக்காகச் சிலுவையில் தொங்கியது நானோ என்கிறார். இந்த இரண்டாவது கேள்வியில் ‘மே’ இருக்கிறது. அதே திருமுகத்தின் 12-ஆம் அதிகாரக் கடைசியில், எல்லாருமோ திருத்தூதர், எல்லாருமோ போதகர் என்ற போக்கில் 7 கேள்விகளை அடுக்குகிறார். ஏழும் ‘மே’ கேள்விகளே. தமிழில் ஓகாரம் போட்டுப் படித்தால் அந்தச் சூடு அப்படியே நம் காதுக்கு வந்துவிடுகிறது. வேறு பல மொழிக்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படும் இடம் இது.

இப்போது எபிரேயர் திருமுகத்துக்கு வருவோம். அதிலும் கேள்விகள் நிறைய. வானதூதருள் எவரிடமாவது கடவுள் இப்படிச் சொன்னதுண்டா என்று முதல் அதிகாரத்திலேயே கேட்டுத்தான் வாதம் தொடங்குகிறது. ஆனால் ‘மே கெனொய்த்தோ’ ஓர் இடத்தில்கூட இல்லை. ‘உங்களுக்குத் தெரியாதா’ இல்லை. ‘அப்படியானால் என்ன சொல்வோம்’ இல்லை. குறுக்கே பேசும் எதிராளியும் இல்லை. இவர் சண்டைக்கு இழுப்பவர் அல்லர். படித்த பேச்சாளர் மேடையில் நிதானமாக அடுக்கிக்கொண்டு போவதுபோல் கேட்கிறார். 11-ஆம் அதிகாரத்தில், இன்னும் என்ன சொல்ல, கிதியோனையும் சிம்சோனையும் பற்றிச் சொல்ல நேரம் போதாதே என்கிறாரே, அது கிரேக்க மேடைப் பேச்சாளர்களின் வழக்கமான வாசகம்.

எண்ணிப் பார்த்தாயிற்று, ஆகவே இது பவுலுடையது அல்ல என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலும் ‘மே கெனொய்த்தோ’ இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலும் இல்லை. இரண்டும் பவுலுடையவை என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே வழக்கு இல்லை. அன்போடு நன்றி சொல்லி எழுதும் கடிதத்தில் எதிராளிக்கு என்ன வேலை? மகனுக்கு எழுதும் அப்பாவும் வட்டாட்சியருக்கு மனுப் போடும் அப்பாவும் ஒரே ஆள்தான், கடிதங்கள் மட்டும் ஒன்றுபோல் இரா.

எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் மதுரையில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. அகஸ்டஸ் டி மார்கன் என்ற கணித மேதை. தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. 1806-இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1851-இல் நண்பரான ஒரு போதகருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு யோசனை சொன்னார். ஒருவர் எழுதும் சொற்களில் சராசரி எத்தனை எழுத்து என்று கணக்கிட்டால், அது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளிடம் பெரிதாக மாறாது. பவுலின் திருமுகங்களையும் எபிரேயர் திருமுகத்தையும் இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன என்று கேட்டார். முதல் சோதனைக்கு அவருக்குத் தோன்றிய நூலே இதுதான்! 1887-இல் அமெரிக்க இயற்பியலாளர் மெண்டன்ஹால் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, ஆங்கில நாவலாசிரியர்களின் சொற்களை எண்ணிக் கோடு வரைந்து காட்டினார். 1960-களில் ஏ. கியூ. மார்ட்டன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் பவுலின் திருமுகங்களைக் கணினியில் ஏற்றினார். வாக்கிய நீளத்தையும் சிறு சொற்களையும் எண்ணி, நான்கு மட்டுமே பவுலுடையவை என்று அறிவித்தார். ஒரே பரபரப்பு. கணினி சொன்னால் பொய்யாகுமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆனால் கணினிக்குக் கொடுத்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று யார் சொன்னது? பழைய கிரேக்கத் தோல்சுருளிலும் நாணற்சுவடியிலும் முற்றுப்புள்ளி ஒழுங்காகக் கிடையாது. கேள்விக்குறி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியும் இல்லை. நம் ஓலைச் சுவடியும் அப்படித்தானே? புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஒரு சுவடியில் இவ்வூர் ‘ஏரி’யைக் கண்டால், அது ‘ஏரி’யா ‘எரி’யா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீரா நெருப்பா என்பதே தெரியாது! அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுத்தைத் திருத்தியவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்.

எபிரேயர் திருமுகத்திலேயே இப்படி ஓர் இடம் உண்டு. 3-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம். அங்கே ‘தினெஸ்’ என்று ஒரு சொல். அழுத்தத்தை முதல் அசையில் வைத்தால் ‘யார்?’ என்ற கேள்வி. அழுத்தம் இல்லாவிட்டால் ‘சிலர்’. எழுத்து ஒன்றே. இலத்தீன் வுல்காத்தா ‘சிலர்’ என்று கொண்டது. அதைப் பின்பற்றிய பழைய மொழிபெயர்ப்புகளில், கேட்டவர்களில் சிலர் கிளர்ச்சி செய்தார்கள், எல்லாரும் அல்ல என்ற பொருளில் வரும். இன்றைய மொழிபெயர்ப்புகளில், கிளர்ச்சி செய்தவர்கள் யார், மோசே எகிப்திலிருந்து கூட்டிவந்த எல்லாருமே அல்லவா என்று கேள்வியாக வரும். பொருளே தலைகீழ். சிலர் என்றால் நாம் தப்பித்துக்கொள்ளலாம், அந்தச் சிலர் வேறு யாரோ. எல்லாருமே அல்லவா என்றால் தப்ப வழியில்லை. அடுத்த இரண்டு வசனங்களும் இதேபோல் கேள்வியும் எதிர்க்கேள்வியுமாகப் போவதால், இதுவும் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆகவே கேள்விகளை எண்ணத் தொடங்கும் முன், எது கேள்வி என்று முடிவு செய்தவர் ஒரு பதிப்பாசிரியர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி மேற்கோள். ஒருவர் யாரை, எப்படி மேற்கோள் காட்டுகிறார். அவரைப் பின்னால் யார், எந்தப் பெயரில் மேற்கோள் காட்டுகிறார்கள். மாமல்லபுரத்தில் கல்வெட்டு ஆராய்ந்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே சுலோகங்கள் வெட்டப்பட்டுள்ளன. ‘அத்யந்தகாமன்’ என்ற பட்டப்பெயர் அவற்றில் வருகிறது, தர்மராஜ ரதத்தின் மேல்தளத்திலும் வருகிறது. அந்தப் பட்டம் எந்தப் பல்லவனுடையது? மாமல்லனுக்கும் அவன் பின்வந்தவர்களுக்குமாகப் பிரித்துக் கொடுத்து வந்தார்கள். 1962-இல் இரா. நாகசாமி, எல்லாமே இராசசிம்மனுடைய வேலை என்று வாதிட்டார். எல்லாரும் ஏற்கவில்லை, வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. கல்லில் பெயர் இருந்தும் இந்தப் பாடு. பெயரே இல்லாத திருமுகத்துக்குக் கேட்க வேண்டுமா?

பவுல் மறைநூலை எடுத்துக் காட்டும்போது ‘என்று எழுதப்பட்டுள்ளது’ என்பார். எசாயா சொல்கிறார், தாவீது சொல்கிறார் என்று பெயரும் சொல்வார். எபிரேயர் திருமுகம் ‘எழுதப்பட்டுள்ளது’ என்று சொல்லி ஒரு மேற்கோளையும் தொடங்குவதில்லை. கடவுள் சொல்கிறார், தூய ஆவியார் சொல்கிறார் என்று, இப்போதே காதில் விழும் குரலாக வைக்கிறது. வேறு பள்ளியில் படித்தவர் என்பது இதிலேயே தெரிகிறது.

இதை முதலில் மேற்கோள் காட்டியவர் யார் என்றும் பார்ப்போம். ஏறத்தாழ 96-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கொரிந்தில் மறுபடியும் பிளவு. மூப்பர்கள் சிலரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதைக் கண்டித்து எழுதிய கடிதம். புனித கிளமெந்து எழுதியது என்று நாம் அழைத்தாலும், கடிதத்துக்குள் அவர் பெயர் கிடையாது. உரோமைத் திருச்சபை எழுதுவதாகத்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய 170-ஆம் ஆண்டில் கொரிந்து ஆயர் தியோனிசியு, கிளமெந்து வழியாக வந்த அந்தக் கடிதத்தைத் தங்கள் சபையில் வாசித்து வருவதாக உரோமைக்கு எழுதினார். அந்தச் சாட்சியத்தை எவுசேபியு தம் வரலாற்றில் காத்துவைத்தார். பெற்றுக்கொண்ட ஊரின் சாட்சி என்பதால் அதற்கு எடை அதிகம்.

அந்தக் கடிதத்தின் 46, 47-ஆம் அதிகாரங்களைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏன் இந்தச் சண்டை, நமக்குக் கடவுள் ஒருவரே அல்லவா, கிறிஸ்து ஒருவரே அல்லவா என்று பவுல் கேட்ட தொனியிலேயே கேள்விகள் வருகின்றன. அடுத்து, பவுலின் திருமுகத்தைக் கையில் எடுங்கள், அவர் உங்களுக்கு முதலில் என்ன எழுதினார் என்று மீண்டும் கேள்வி. நாற்பது ஆண்டுக்கு முன் வந்த கடிதத்தை அதே ஊருக்குப் பெயர் சொல்லித் திருப்பிக் காட்டுகிறார்கள். 36-ஆம் அதிகாரத்தில் எபிரேயர் திருமுகத்தின் முதல் அதிகாரச் சொற்கள் வருகின்றன, ஆனால் யார் பெயரும் இல்லாமல். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். பவுலின் அன்புப் பாடலின் சாயலும் அதே கடிதத்தில் பெயர் சொல்லாமல் வருகிறதே. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். திருமுகத்தை முதலில் அறிந்திருந்த அந்த உரோமையில்தான், இது பவுலுடையது அல்ல என்ற தயக்கம் நெடுநாள் இருந்தது. எவுசேபியு அதைக் குறித்திருக்கிறார். எகிப்திலோ நேர்மாறு. ஏறத்தாழ 200-ஆம் ஆண்டின் நாணற்சுவடி ஒன்றில் எபிரேயர் திருமுகம் உரோமையருக்கு எழுதியதற்கு அடுத்தே பவுலின் திருமுகங்களுக்கு நடுவில் இருக்கிறது.

அந்த எகிப்தைச் சேர்ந்தவர்தான் ஓரிஜன். 3-ஆம் நூற்றாண்டில் அவர் சொன்ன கருத்தையே பெரும்பாலோர் இன்றும் சுற்றிவருகிறார்கள். சிந்தனை திருத்தூதருடையது போல இருக்கிறது, நடை வேறொருவருடையது, உண்மையில் எழுதியவரைக் கடவுளே அறிவார் என்பது அவர் கருத்து. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: முன்னோர் இதைப் பவுலுடையது என்று கையளித்ததும் காரணமில்லாமல் அல்ல. தெர்த்தூலியன் பர்னபா என்றார். லூத்தர் அப்பொல்லோ என்று ஊகித்தார். 1900-இல் ஆர்னாக் என்ற செருமானிய அறிஞர் பிரிஸ்கா என்ற பெண்ணாக இருக்கலாம் என்றார். இதற்கு எதிராகக் காட்டப்படுவது, சற்றுமுன் சொன்னேனே, நேரம் போதாது என்ற அந்த இடம். அங்கே ‘சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு’ என்ற கிரேக்கச் சொல் ஆண்பாலில் இருக்கிறது. தமிழில் ‘நான்’ என்பதற்கு ஆண்பால் பெண்பால் இல்லாததால் நம் விவிலியத்தில் இது தெரியவே தெரியாது.

திரிதெந்தின் சங்கம் 1546-இல் பவுலின் திருமுகங்கள் 14 என்று எண்ணியது, எபிரேயர் உட்பட. 1914-இல் திருப்பீட விவிலிய ஆணையம், பவுலுடையது என்ற மரபை விட்டுவிடக் காரணம் போதாது என்றது. ஆனால் இன்றுள்ள சொல்வடிவத்தைக் கொடுத்தவரும் அவரேதான் என்று கொள்ள வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த வாசக நூலில் பெயர் எடுக்கப்பட்டது, திருமுகம் எடுக்கப்படவில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாப் பகல் திருப்பலியிலும் பெரிய வெள்ளியன்றும் அதைத்தான் வாசிக்கிறோம்.

உபதேசியாரிடம் அன்று இதில் பாதிகூடச் சொல்லவில்லை. “ஐயா, உங்கப்பா பொய் வாசிக்கல. திருச்சபை அவர் கையில கொடுத்ததை வாசிச்சாரு. இன்னைக்கு உங்க கையில கொடுத்திருக்கறதை நீங்க வாசிக்கிறீங்க” என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை அப்பாவின் பழைய புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, வாசக மேடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். அன்றைய வாசகம் இரண்டாம் அதிகாரம். மனிதர் எம்மாத்திரம் என்று கேட்கும் எட்டாம் திருப்பாடலை ஆசிரியர் எடுத்துக்காட்டும் இடம். தாவீதின் பெயரைச் சொல்லாமல், ஓரிடத்தில் ஒருவர் இப்படிச் சான்று பகர்ந்திருக்கிறார் என்ற அளவில்தான் அதை அறிமுகம் செய்கிறார்.

திருப்பலி முடிந்ததும் உபதேசியார் உள்ளே வந்தார். இந்த முறை முகத்தில் சிரிப்பு.

“சாமி, பாத்தீங்களா? இவரும் ‘எங்கேயோ ஒருத்தர்’னுதான் சொல்றாரு.”